கூரை ஒழுகவில்லை

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் தோள்பட்டை வலி குறைந்ததா, அத்தானின் இருமல் விட்டதா என்று எழுது.

பஸ் கடைசி ஒரு மணி நேரம் காட்டுக்குள்ளேயே வந்தது. கிளைகள் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டி முகத்தைத் தொட்டன. ஒரு வளைவு திரும்பியதும் ஆறு. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர், "உக்காருங்கம்மா, ஊர் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். பஸ்ஸே சிரித்தது.

மொத்தமே நாலு தெரு. நாலும் ஆற்றில்தான் போய் முடிகின்றன. ஊருக்கு முதுகுப் பக்கம் மலை. ஆற்றோடு படகில் போனால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடுமாம், இன்னும் போகவில்லை. எனக்கு மாடியில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், அதற்கு மேலே காடு, அதற்கும் மேலே மலை. துணிக்கடையில் அடுக்கி வைத்த மாதிரி. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது அக்கா. இத்தனை வருஷம் உன் தையல் மெஷினுக்கும் அலமாரிக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். வந்த அன்று சும்மா போட்டுப் போட்டுத் திறந்துகொண்டிருந்தேன்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. பாலத்துத் தூணில் அளவுக்கோடு வரைந்திருக்கிறார்கள். காலையும் மாலையும் படகில் போய் நீர்மட்டம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்த்து, வந்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். மலையில் மழை பெய்தால் கடலோரத்துக்காரர்களை எச்சரிக்கை செய்வது இந்த எண்ணை வைத்துத்தான். படகுக்காரர் ஓயாமல் பேசுகிறார். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் வசதியாக இருக்கிறது.

நீயும் அத்தானும் ஒரு தடவை வந்து இதையெல்லாம் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் நம்புவாய்.

உன் தங்கை.


ஜூன் 20

ஊமைக் கோட்டானுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உன் அத்தான் சுகம், மெஷின் சுகம், கீழே அச்சகக்காரன் சுகமோ சுகம். நான் எப்படி இருந்தால் யாருக்கு என்ன.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் தங்கைக்கு வாயைத் திறந்து பேசவே வராது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ என்னடா என்றால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறாய். ஒருத்திக்கு ஆறு இருந்தால் போதாதா? மலையும் வேண்டும், காடும் வேண்டும், படகில் போனால் கடலும் வர வேண்டும். மற்றவர்களுக்கு ஒன்றையாவது மிச்சம் வைக்கக் கூடாதா?

என் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று உனக்குத் தெரியாததில்லை. பக்கத்து வீட்டுச் சுவர். சுவரில் கழிவுநீர்க் குழாய். மேல் மாடிக்காரி தண்ணீர் ஊற்றினால் அதுதான் எனக்கு அருவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த இரண்டு அறைதான். பஸ்ஸில் நான் போன தூரம் மொத்தவிலைத் துணிக்கடை வரைக்கும். அங்கேயும் கண்டக்டர் என்னிடம் சிரிக்கவில்லை, மூட்டையை ஓரமாக வைக்கச் சொன்னான்.

அது இருக்கட்டும், தாழ்ப்பாள் கதை எதற்கு? என் வீட்டில் உன்னை யார் தூக்கிக்கொண்டு போக வந்தார்கள்?

எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கென்ன, நீ நன்றாக இருந்தால் சரி. மேலே எழுத முடியவில்லை. தலைவலி வந்துவிட்டது. அந்தப் பழைய தலைவலிதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் போகிறேன்.

அக்கா.


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தலைவலி என்ன ஆயிற்று? நடுவில் நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துவிடுகிறார்.

நான் முதல் கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன். புது இடம், அந்த வேகத்தில் எழுதியது. இனி ஊரைப் பற்றி எழுதவில்லை. நீ எழுந்து உட்கார்ந்தாய் என்று தெரிந்தால் போதும். சாப்பிடுகிறாயா? மெஷினில் உட்காருகிறாயா? உன்னால் முடியாவிட்டால் அத்தானையாவது ஒரு வரி போடச் சொல்.

உன் தங்கை.


ஆகஸ்டு 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று நானே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் அப்படி ஒன்றும் நலமாக இல்லை.

கூரை ஒழுகுகிறது. கட்டிலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒழுகலும் என் பின்னாலேயே வருகிறது. குளிக்கிற வாளி, குடிக்கிற சொம்பு எல்லாவற்றையும் தரையில் வைத்துவிட்டு நான் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். மலை மலை என்று எழுதினேனே, அது எப்போதும் மேகத்துக்குள்தான் இருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காட்டிலிருந்து அட்டை வருகிறது. செருப்பைப் போடுவதற்கு முன்னால் தட்டிப் பார்க்க வேண்டும். ஆறு சும்மா இருக்காது, இரைந்துகொண்டே இருக்கும். உன் அச்சகக்காரனாவது ராத்திரி மெஷினை நிறுத்துவான். படகுக்காரர் பேசிப் பேசியே என் காதைப் பிய்க்கிறார்.

தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கழன்று விழுந்துவிட்டது.

உன் மெஷினுக்குப் பக்கத்தில் விரித்த பாயை நினைத்துக்கொள்கிறேன் அக்கா. எவ்வளவு காய்ந்த தரை.

உன் தங்கை.


ஆகஸ்டு 7

என் தங்கமே,

உன் அக்கா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், உன்னை நினைத்துத்தான் கவலை.

கடிதத்தைப் படித்ததும் படுக்கையில் இருந்தவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். தலைவலி போன இடம் தெரியவில்லை. உன் அத்தான், "என்ன இது, தங்கச்சிக்குக் கஷ்டம்னதும் உனக்குத் தெம்பு வந்துடுச்சு?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும் கூடப் பிறந்த பாசம். அன்றைக்கே இரண்டு சட்டை தைத்து முடித்தேன்.

அட்டை ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதே. உப்பை வை, தானாக விழும். ஈரத் தலையோடு தூங்காதே. அந்த வீட்டுக்காரம்மா இருக்கிறாளே, அவள் என் கையில் கிடைக்கட்டும். ஒழுகுகிற வீட்டை ஒரு அப்பாவி தலையில் கட்டியிருக்கிறாள். நம் வீட்டை எடுத்துக்கொள். சின்ன வீடுதான், இருட்டு வீடுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் கூரை ஒரு சொட்டு ஒழுகியதுண்டா?

நேற்று உங்கள் இலாகாவின் பெரிய அதிகாரியுடைய மனைவி அளவு கொடுக்க வந்திருந்தாள். உன்னைப் பற்றிச் சொல்லி அழுதேன். அவளே உச்சுக் கொட்டினாள். அச்சகக்காரனிடமும் சொன்னேன், மேல் மாடிக்காரியிடமும் சொன்னேன். எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். அந்த மேகம், அட்டை, வாளி எல்லாம் இன்னும் விவரமாக எழுது. படிக்கப் படிக்க எனக்கு மனசு கேட்கவில்லை, இருந்தாலும் எழுது.

உன்னை மறக்காத அக்கா.


ஆகஸ்டு 25

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குத் தலைவலி விட்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. அத்தானுக்கு இருமல் இன்னும் இருக்கிறதா?

விவரமாக எழுதச் சொன்னாய். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால், அப்போதுதான் பால் காய்ச்சி இறக்கியது போல ஆறு முழுக்க ஆவி பறக்கும். அதற்கு நடுவிலே கொக்கு ஒன்று ஒற்றைக் காலில். அதாவது ஒரே ஈரம். துணி காய்வதே இல்லை. போட்டதையே போட்டுக்கொண்டு போகிறேன்.

கடலுக்கும் ஒரு நாள் போனேன். மணல் இருக்கிறது. காலில் ஒட்டுகிறது. தண்ணீர் உப்பு.

படகுக்காரர் தன் முதுகு பிடித்துக்கொண்டது என்று துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டார். எதிர் நீரில் போட வேண்டும். உள்ளங்கை இரண்டும் காய்ப்புக் காய்த்துவிட்டது. காட்டில் ஏதோ பூ பூத்திருக்கிறது போல, வாசனை மாடி வரைக்கும் வருகிறது. தாங்க முடியவில்லை. தும்மல்.

வீட்டுக்காரம்மாவைத் திட்டாதே அக்கா. அவள் என்ன செய்வாள். கூரைதான் பழசு.

நீ சரியாகச் சாப்பிடு. புதிதாக யார் யார் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுது.

உன் தங்கை.


செப்டம்பர் 5

என் தங்கமே,

இங்கே எல்லோரும் சுகம். உன் உள்ளங்கையை நினைத்தால்தான் எனக்கு வாயில் எதுவும் இறங்கவில்லை.

உன் அத்தான் துறைமுகத்துத் தையல் ஆலைக்கு மெஷின் ரிப்பேர் பார்க்க வருகிறார். போகிற வழியில் உன்னிடம் இறங்கி ஒரு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். முதலில் மாட்டேன் என்றார். "அங்க போய் நான் எங்க படுக்கறது, ஒழுகுதேம்மா?" என்றார். தார்ப்பாய் கொடுத்து அனுப்புகிறேன், அதன் கீழே படுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தார்ப்பாய் பெரிசு. மழை இறங்காமல் இருக்க விளிம்பை நானே இரட்டைத் தையல் போட்டேன். அந்தத் துணிக்கு என் மெஷின் தாங்கவில்லை, ஊசி முறிந்து முறிந்து கடைசியில் கையாலேயே தைத்தேன். கூடவே கொசுவலை, தைலம், உனக்கு இரண்டு கம்பளிச் சட்டை. எல்லாவற்றையும் இவர் தலையில் கட்டியிருக்கிறேன். ஒன்றையும் பஸ்ஸில் விட்டுவிடாமல் இறக்கினாரா என்று எண்ணிப் பார்.

இன்னொரு காரியமும் தொடங்கியிருக்கிறேன். என்னவென்று இப்போது வாயைத் திறக்க மாட்டேன். உன்னை அங்கே தவிக்க விட்டுவிட்டு நான் இங்கே கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? நீ வாய் செத்தவள். உனக்காக நான்தானே பேச வேண்டும்.

நீ போன பிறகு அந்தப் பாயைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தேன். இன்று இறக்கித் தூசி தட்டினேன்.

அக்கா.


செப்டம்பர் 22

அன்புள்ள மைத்துனிக்கு,

அத்தான் எழுதுவது. பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் ஊர்க் காற்றில் நின்றுபோன இருமல், பஸ் நிலையத்தில் எனக்காகக் காத்திருந்து திரும்பப் பிடித்துக்கொண்டது.

இதை உன் அக்காவுக்குத் தெரியாமல் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசலிலேயே அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கூரை எப்படி?" "ஒழுகுது." "கட்டில் எங்க கிடக்கு?" "மூலையில." "எந்த மூலை?" நான் மென்று முழுங்கினேன். மெஷினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவனுக்குப் பொய்யைக் கோக்கத் தெரியவில்லை. "அவ இளைச்சுட்டாளா?" என்றாள். ஆமாம் என்றேன். நீ பூரித்துப் போய் இருந்தாய்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குத் தார்ப்பாய் மூட்டையோடு படகுத்துறையில் நின்றேன். நடு ஆற்றில் ஒரு பெண் துடுப்புப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். படகுக்காரர் எதிரே காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். இந்த ஊர்ப் பெண் யாரோ என்று நினைத்து, உன் வீட்டுக்கு வழி கேட்கலாம் என்று காத்திருந்தேன். கரைக்கு வந்து "அத்தான்" என்று கூப்பிட்டாய். நீ பாடுவாய் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உன் கூரையின் கீழே ஒரு நாள் மழையில் படுத்தேன். தார்ப்பாய் தலைக்கு வைத்துக்கொள்ளத்தான் உதவியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா தொடங்கிய காரியம் உன்னை இங்கே மாற்றிக்கொண்டு வருவது. அதிகாரியின் மனைவியைப் பிடித்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் அடுத்த மாதம் ஒரு விருந்து. அதற்கு அந்தம்மாவுக்கு வெல்வெட்டில் முழுக்கைச் சட்டை. தூர தேசத்திலிருந்து வந்த துணி, இன்னொரு முழம் கிடைக்காது. "சட்டை எனக்குப் பிடிச்சா உன் தங்கச்சி இங்கதான்" என்று சொல்லியிருக்கிறாள். உத்தரவு தட்டச்சு ஆகி மேஜை மேல் கிடக்கிறது, கையெழுத்துத்தான் பாக்கி. உன் அக்கா கைவண்ணம் உனக்குத் தெரியும். பிடிக்காமல் போக வழியே இல்லை.

நான் சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. சொல்ல வேண்டியவள் நீ. தாமதிக்காதே.

அத்தான்.


செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

நான் உனக்கு எழுதியது பொய். கூரை ஒழுகவில்லை. கட்டிலை நான் ஜன்னலோரத்திலிருந்து ஒரு நாளும் நகர்த்தியதில்லை. தாழ்ப்பாள் கெட்டியாக இருக்கிறது. மலை தெரிகிறது. அட்டை மட்டும் உண்மை, அதுவும் ஒரே ஒரு தடவை.

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பாய். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சின்ன வயதில் அப்பா எனக்கு மஞ்சள் கவுன் வாங்கி வந்தது ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அந்தத் தடவை வாங்கவில்லை. நீ தலைவலி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய். சாப்பிடவில்லை, என்னோடு பேசவில்லை. மறுநாள் கவுனில் மை கொட்டிவிட்டது. உடனே எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். மை போகவில்லை என்றதும் அது மறைகிற மாதிரி அதன் மேல் ஒரு பூவைத் தைத்துக் கொடுத்தாய். நீ முதன் முதலில் ஊசி பிடித்தது அன்றைக்குத்தான்.

அந்த மை தானாகக் கொட்டவில்லை அக்கா. நான்தான் கொட்டினேன். நீ என்னோடு பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எது கிடைத்தாலும், நீ பார்ப்பதற்குள் அதில் ஒரு மூலையில் மையைத் தெளித்துவிடுவேன். பரிசு கிடைத்தால் கடைசிப் பரிசு என்பேன். அங்கே முதன்முதலில் வேலை கிடைத்தபோது மேலதிகாரி கொடுமைக்காரர் என்றேன். அவர் தங்கமான மனிதர்.

இந்த ஊர் மேல் மட்டும் கொட்ட மனசு வரவில்லை. கடிதத்தில் மட்டும் கொட்டினேன். அதை நீ நம்பி, கை வலிக்கத் தார்ப்பாய் தைத்து அனுப்பினாய். அத்தான் அதைப் பிரித்தபோது எனக்கு உன் முகத்தைப் பார்த்தது போல இருந்தது.

அந்த உத்தரவில் கையெழுத்து விழாமல் செய் அக்கா. என் ஆயுசில் எனக்கென்று கிடைத்தது இது ஒன்றுதான். நீ திட்டு. எத்தனை நாள் வேண்டுமானாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படு. என்னை இங்கேயே இருக்க விடு.

உன் தங்கை.


அக்டோபர் 28

ஊமைக் கோட்டானுக்கு,

நான் சுகமாக இல்லை. உன் அத்தானும் சுகமாக இல்லை, நான் அவரை விட்டால்தானே.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. தலைவலி வந்தது, படுத்தேன், சுவரைப் பார்த்தேன். சுவர் என்ன பேசுமா? இந்தத் தடவை யாரும் மை கொட்டவில்லை. நானாகவே எழுந்தேன்.

எழுந்து இவரைப் பிடித்து உலுக்கினேன். எல்லாவற்றையும் கக்கிவிட்டார். பூரித்துப் போயிருக்கிறாயாம். துடுப்புப் போடுகிறாயாம். பாடுகிறாயாம்.

மலைக்கும் காட்டுக்கும் எனக்கு வயிறு எரிந்தது என்றா நினைத்தாய்? எரிந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எரிச்சல் ஒரு மாத்திரையில் போயிருக்கும். இது போகவில்லை. என் வீட்டில் என் பக்கத்திலேயே இத்தனை வருஷம் படுத்துக் கிடந்தாயே, ஒரு நாள் ஒரு வரி பாடினாயா? நான் பாட வேண்டாம் என்றேனா? போன மூன்றே மாதத்தில் அந்த ஆறு உன்னைப் பாட வைத்துவிட்டது. எனக்கு அந்த ஆற்றின் மேல்தான் பொறாமை. இதோ எழுதிவிட்டேன், நன்றாகப் படித்துக்கொள். பொறாமை.

அந்தப் பூ விஷயம். விரலெல்லாம் ஊசி குத்தி, ரத்தம் துணியில் படாமல் வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே தைத்தேன். என் தங்கைக்கு ஒன்று என்றால் நான் சரி செய்துவிடுவேன் என்ற நினைப்பில்தான் நான் தையல்காரியே ஆனேன். நீ இப்போது வந்து, மையைக் கொட்டியதே நான்தான் என்கிறாய். நீ கஷ்டப்பட்டால்தான் எனக்கு உன் மேல் பாசம் வரும் என்று அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டாயா? அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் பொறாமைக்காரிதான். அது என் வியாதி, என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். நீ யார் அதற்கு வைத்தியம் பார்க்க?

இன்னொரு செய்தி. அதிகாரி மனைவியின் வெல்வெட் சட்டை கெட்டுப்போய்விட்டது. வெட்டும்போது கத்தரிக்கோல் வழுக்கிவிட்டது. இடது கை வலது கையைவிட நாலு விரல் அளவு குறைவு. வேறு துணியும் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தாள். பிறகு போட்டாள் பார் ஒரு சத்தம், அச்சகக்காரன் மெஷினை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்தான். "கை சரியா வெட்டத் தெரியாதவளுக்கு சிபாரிசு வேற கேக்குதா? உன் தங்கச்சி அந்த ஆத்தங்கரையிலயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். உத்தரவைக் கிழித்துக் குப்பையில் போட்டாயிற்றாம். ஆகவே நீ அங்கேயே கிட.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. மேல் மாடிக்காரி கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் நாலைந்து பேர் அப்படியே. இந்தக் கத்தரிக்கோல் என் கையில் வந்த நாளிலிருந்து ஒரு நூல் பிசகியதில்லை. அன்றைக்கு என்னவோ பிசகியது. அதைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

கையில் வேலை குறைந்துவிட்டதால் அடுத்த மாதம் புறப்பட்டு வருகிறோம். பொறாமைப்படத்தான் வருகிறேன். எல்லாவற்றையும் காட்ட வேண்டும். என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் தொங்கப் போட்டாயோ, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். அதற்கு முன்னால் ஒரு கடிதம் போடு. உள்ளதை உள்ளபடி எழுது. எனக்கு வயிறு எரிய வேண்டும். தலைவலி வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா.


நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? அத்தான் நலமா? உன் கத்தரிக்கோல் நலமா? வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளதை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். மழைக்குப் பிறகு மலை ஜன்னலுக்குள் வந்துவிடும் போல இருக்கிறது. சாயங்கால வெயில் பட்டால் காடு முழுக்க ஒரு பச்சை வரும், உன் நூல் பெட்டியில் கூட அந்தப் பச்சை இல்லை. கொக்கு வருகிறது. நான் படகில் போனால் பறக்காது, படகுக்காரர் பேச ஆரம்பித்தால் பறந்துவிடும். கடல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆறு போய்ச் சேருகிற இடத்தில் ஒரு காலை நல்ல தண்ணீரிலும் ஒரு காலை உப்புத் தண்ணீரிலும் வைத்துக்கொண்டு நிற்கலாம். உன்னை அங்கே நான்தான் துடுப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு போவேன். நீ முன்னால் உட்கார். நான் பாடுகிறேன். நன்றாக இருக்காது, சகித்துக்கொள்.

மை நான் கொட்டியதுதான். ஆனால் அந்தக் கவுன் கிழிந்த பிறகும் பூவை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். தையல் இன்னும் ஒரு இடத்தில் கூட விட்டுப்போகவில்லை.

தார்ப்பாயை ஆற்றங்கரையில் விரித்து வைத்திருக்கிறேன். நான், வீட்டுக்காரம்மா, படகுக்காரர் எல்லோரும் அதில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா, "யாரு தைச்சது, இவ்வளவு நேர்த்தியா இருக்கே?" என்றாள். எங்கள் அக்கா, அவள் வெட்டினால் நூல் பிசகாது என்றேன்.

என் கட்டில் உனக்கு. நானும் அத்தானும் எப்படியாவது படுத்துக்கொள்வோம். தாழ்ப்பாளை நீயே போட்டுக்கொள்ளலாம்.

நேற்று நாள் முழுக்க அடைமழை. ஆறு நாலு கோடு ஏறியது. நீ நீட்டிப் படுக்கப் போகிற இடம் ஆயிற்றே என்று, கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை அக்கா.

உன் தங்கை.